இடது காலில் ஸ்னேர்: ரிக் ஆலனின் ட்ரிகர் கிட் எப்படிப் பலித்தது

டிரம்மில் விழும் அடியை உணர்ந்து, முன்பே பதிந்து வைத்த டிரம் ஒலியை ஒலிக்கவிடும் சிறு கருவிதான் டிரம் ட்ரிகர். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அது ஏமாற்று வேலையா இல்லையா என்ற சண்டையில்தான் வந்து நிற்கும். மெட்டல் ரசிகர்கள் இந்தச் சண்டையைப் பல வருடங்களாக அலுக்காமல் போட்டு வருகிறார்கள். அதற்குள் இறங்குவதற்கு முன் ஒரு நிகழ்வை முழுதாகப் பார்த்துவிடலாம். ட்ரிகர் இல்லையென்றால் வாசிப்பே இல்லை என்ற நிலையில், அதை நம்பி மேடையேறிய ஒரு டிரம்மரின் நிகழ்வு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான டெஃப் லெப்பர்ட் குழுவின் ரிக் ஆலன்தான் அவர்.

ஒற்றைக் கையோடு டிரம் வாசிக்கும் மனிதர் என்பதால் இவருடைய கதையை ஊக்கமூட்டும் கதையாகப் பலரும் சொல்லியாகிவிட்டது. அந்த மனவுறுதியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் கிட், அதாவது அவர் வாசிக்கும் டிரம் தொகுப்பு, ஒரு மாயப்பெட்டி மாதிரி வந்து போய்விடும். என் கேள்வி கிட்டைப் பற்றியது. அந்த ஏற்பாடு ஏன் பலித்தது? வேறொரு குழுவில், வேறொரு இசையில் பலித்திருக்குமா? பலித்திருக்காது என்றே நினைக்கிறேன். டெஃப் லெப்பர்டின் டிரம் ஒலி, ஆலனின் கையைப் பறித்த விபத்து நடப்பதற்கு முன்பே டிரம்மின் தோலைவிட்டு வெளியேறி இயந்திரத்துக்குள் குடிபோய்விட்டது. ஆலனின் கால் அந்த ஒலியைத் தேடிப் போனது, அவ்வளவுதான்.

விபத்துக்கு முன் இருந்த ஒலி

ஆலன் 1978 நவம்பரில் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 15 வயது. 1983இல் வெளிவந்த 'பைரோமேனியா' ஆல்பம் அவர்களை அமெரிக்காவில் பெரிய குழுவாக்கியது. அதன் தயாரிப்பாளர் மட் லாங். பாட்டு முழுவதையும் அடுக்கடுக்காகக் கட்டி, கடைசி நேரம்வரை மாற்றிக்கொண்டே இருப்பவர். டிரம்மை முதலிலேயே வாசித்துப் பதிந்துவிட்டால் பிறகு பாட்டின் அமைப்பை மாற்ற முடியாது. அதனால் முதலில் இயந்திரத் தாளத்தை ஓடவிட்டு கிட்டாரையும் குரலையும் பதிவார்கள். டிரம்மின் இறுதி வடிவம் பின்னால்தான் வரும். ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலிய சாம்பிளர் கணினியில், அதாவது பதிந்த துண்டு ஒலிகளை (சாம்பிள்களை) வேண்டியபோது ஒலிக்கவிடும் கருவியில், ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்), கிக் (காலால் அடிக்கும் பேஸ் டிரம்) ஒலிகளை வைத்துக் கோப்பார்கள். சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை மட்டும் கையால் வாசித்துச் சேர்ப்பார்கள்.

இது அந்தக் காலத்தில் தனியாக ஒருவர் செய்த கிறுக்குத்தனமும் இல்லை. ஸ்டீலி டான் குழுவின் ஒலிப்பதிவாளர் ராஜர் நிக்கோல்ஸ், 1980இல் வந்த அவர்களது ஆல்பத்துக்காக 'வெண்டெல்' என்ற டிரம் சாம்பிளரைத் தானே வடிவமைத்திருந்தார். ஸ்டூடியோவில் டிரம்மரின் அடியும் கேட்பவர் காதில் விழும் ஒலியும் இரண்டு தனித்தனிச் சரக்குகளாகப் பிரிய ஆரம்பித்த வருடங்கள் அவை.

1984 டிசம்பர் 31. அடுத்த ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார் ஆலன். ஷெஃபீல்டுக்கு வெளியே ஏ57 சாலையில் அவர் ஓட்டிய கார் சாலையைவிட்டுப் பாய்ந்தது. இடது கை துண்டாகிப் போனது. மருத்துவர்கள் திரும்பப் பொருத்தினார்கள். தொற்று ஏற்பட்டதால் மறுபடி எடுத்துவிட வேண்டியதாயிற்று. வயது 21.

வேலையை மாற்றிக் கொடுத்தல்

வலது கைப் பழக்கமுள்ள ராக் டிரம்மரின் இடது கை என்னென்ன செய்கிறது? முதல் வேலை ஸ்னேர்: இரண்டாவது, நான்காவது மாத்திரையில் விழும் பலமான அடி. அப்புறம் அந்த அடிகளுக்கு நடுவே, கூட்டத்துக்குக் கேட்காமல் தாளத்தை நிரப்பும் மெல்லிய அடிகள். விடாமல் விழும் அடிகளான ரோல்களில் வலது கையோடு மாறி மாறி விழும் பாதி அடிகள். இடது கால் செய்வது ஒன்றே ஒன்று, ஹை-ஹேட் என்ற இரட்டைச் சிம்பலின் பெடலை மிதித்து மூடித் திறப்பது.

மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் இருந்த பஞ்சுத் துண்டில் இடது காலால் தட்டிப் பார்த்தபோதுதான், கை செய்த வேலையைக் கால் எடுத்துக்கொள்ள முடியும் என்று ஆலனுக்குப் பட்டது. இதிலிருந்து வந்த கிட், சிம்மன்ஸ் நிறுவனத்தின் மின்னணு டிரம்களை வைத்து அமைந்தது. அறுகோண பேட்களுக்கு (அடிக்கும் பலகைகளுக்கு) பெயர்போன அதே சிம்மன்ஸ்தான். 1981இல் வந்த எஸ்டிஎஸ்-5 கிட்டின் பேட்கள் கல் மாதிரி இருக்கும். மணிக்கட்டு வலிக்கிறது என்று டிரம்மர்கள் புலம்பாத நாள் கிடையாது.

ஆலனின் இடது காலுக்கு நான்கு பெடல்கள். இடமிருந்து வலமாக ஹை-ஹேட் மூடும் ஒலி, பேஸ் டிரம், ஸ்னேர், டாம் (கனத்த ஒலி தரும் டிரம்). வலது கால் வழக்கம்போல் பேஸ் டிரம்மில். வலது கை சிம்பல், ஹை-ஹேட், டாம் பேட்களில்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாதாரண ராக் தாளத்தில் ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர். இப்போது கிக் வலது காலில், ஸ்னேர் இடது காலில். வலது, இடது, வலது, இடது: நின்ற இடத்திலேயே நடப்பது போலத்தான். தாளத்தின் முதுகெலும்பு முழுக்க இரண்டு கால்களுக்குள் வந்துவிட்டது, கை மேலே சுதந்திரமாகிவிட்டது. கடினம் எங்கே என்றால் ஃபில்களில், அதாவது பாட்டின் பகுதிகளுக்கு நடுவே வரும் நிரப்பு அடிகளில். கை, கால், கை, கால் என்று மாற்றி மாற்றி ஒரே வேகத்தில் விழ வேண்டும். கை மணிக்கட்டிலிருந்து அடிக்கிறது, குச்சி தானாகத் துள்ளி எழுகிறது. கால் கணுக்காலிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வருகிறது, எடை அதிகம், துள்ளல் குறைவு. இந்த இரண்டையும் ஒரே சமநிலைக்குக் கொண்டுவரும் வேலையை எந்தப் பெட்டியும் செய்து தராது. அது முழுக்க ஆலனின் பயிற்சி.

ஒரு மிதி, முதல் பத்து மில்லி செகண்டு

ட்ரிகர் என்ற சாமான் எளிமையானது. அடிக்கும் பரப்பின் அடியில் நாணயம் அளவுக்கு ஒரு பீசோ தகடு. அழுத்தமோ அதிர்வோ பட்டால் அதில் சின்னதாக மின்னழுத்தம் எழும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த விளைவுதான் இது. கஷ்டம் எல்லாம் அந்த மின்னழுத்தத்தைப் படித்து ஒலியை விடும் மாட்யூல் என்ற பெட்டியில்தான். இன்றைய மாட்யூல் ஒன்றில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எண்பதுகளின் சுற்றுகள் வேறு, ஆனால் தீர்க்க வேண்டியிருந்த தொல்லைகள் இவையேதான்.

கால் பெடலில் விழுகிறது. பீசோவின் அலை மேலேறுகிறது. அது த்ரெஷோல்ட் என்ற எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை மாட்யூல் அசையாது. கோட்டை மிகத் தாழ்வாக வைத்தால், பக்கத்தில் சப்வூஃபர் உறுமும்போதே ஸ்னேர் தானாக அடிக்கும். மிக உயரமாக வைத்தால் மெல்லிய அடிகள் காணாமல் போகும். ஸ்டூடியோவில் சரியாக வைத்த எல்லைக்கோடு மேடையில் அப்படியே செல்லுபடியாகாது. மேடைப் பலகையே அதிர்கிறது, கூடவே டிரம்மரும் இரண்டு மடங்கு பலமாக மிதிக்கிறார். சவுண்ட் செக்கில் முழு குழுவும் முழுச் சத்தத்தில் வாசிக்கும்போது இந்தக் கோட்டைச் சரிசெய்யாதவர்கள் முதல் பாட்டிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

கோட்டைத் தாண்டியதும் மாட்யூல் உடனே ஒலியை விடாது. ஒன்றிரண்டு மில்லி செகண்டு காத்திருந்து, அலையின் உச்சம் எது என்று பார்க்கும். உச்சத்தை வைத்துத்தான் அடி எவ்வளவு பலம் என்று கணக்கு. காத்திருப்பைக் குறைத்தால் ஒலி சீக்கிரம் வரும், ஆனால் பல அடிகளின் பலத்தைத் தவறாகப் படிக்கும். கூட்டினால் பலம் சரியாகப் படியும், ஆனால் ஒலி தாமதமாகும். இதற்குப் பிறகு, மின்னணு இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் மிடி வழியாகச் செய்தி போனால் இன்னும் சுமார் ஒரு மில்லி செகண்டு. பிறகு சாம்பிளரின் தாமதம் வேறு.

மில்லி செகண்டுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பது என்று கேட்கலாம். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. டிரம்மரின் காதுக்கும் ஸ்னேருக்கும் நடுவே இருக்கும் தூரமே இரண்டு மில்லி செகண்டு அளவு. இரண்டு மீட்டர் தள்ளி மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் ஆறு. ஆகவே மொத்தத் தாமதம் ஐந்தாறுக்குள் நின்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை. பதினைந்து, இருபது என்று ஏறினால் டிரம்மர் தன்னை அறியாமலே முன்கூட்டி அடிக்கத் தொடங்குவார். பிறகு குழு முழுக்க இழுபறிதான்.

அடுத்தது மாஸ்க் டைம். அடித்த பிறகும் பரப்பு அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த எதிரொலி அலை மறுபடி கோட்டைத் தாண்டினால் ஒரு மிதிக்கு இரண்டு ஸ்னேர் கேட்கும். அதனால் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சில மில்லி செகண்டு மாட்யூல் காதைப் பொத்திக்கொள்ளும். காலுக்கு இது கூடுதல் தலைவலி. குச்சி பட்டவுடன் எழுந்துவிடும். கால் பல நேரம் அமுக்கியபடியே நிற்கும், லேசாக நடுங்கும், அதுவும் ஓர் அடியாகப் பதிவாகும். சரி, மாஸ்க்கை 40 மில்லி செகண்டாக வைத்துவிடலாமே? நிமிடத்துக்கு 120 மாத்திரை வேகத்தில், மாத்திரைக்கு நான்காக விழும் பதினாறாம் பகுப்பு அடிகளுக்கு நடுவே 125 மில்லி செகண்டு இருக்கிறது, தாராளம். ஆனால் ஃப்ளாம் என்ற ஒட்டிய இரட்டை அடியில் இடைவெளி இருபது, முப்பது மில்லி செகண்டுதான். அது செத்துப்போகும்.

கடைசியாக, நான்கு பெடலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வரும் தொல்லை. ஸ்னேர் பெடலை ஓங்கி மிதித்தால் டாம் பெடலும் அதிரும். அதைத் தடுக்க, சில மில்லி செகண்டுக்குள் இரண்டு பெடல்கள் பேசினால் மெல்லியதை மாட்யூல் தள்ளிவிடும். வாசிப்பவர் நிஜமாகவே இரண்டையும் ஒன்றாக அடித்திருந்தாலும் தள்ளிவிடும்! ஆகவே மென்பொருளை நம்புவதற்கு முன் ரப்பரை நம்புவது நல்லது. ஒவ்வொரு பெடலையும் தனித்தனி ரப்பர் அடித்தளத்தில் பிரித்து வைப்பதே முதல் மருந்து.

1986 ஆகஸ்ட்

குழு அவசரப்படவில்லை. வேறு டிரம்மரைத் தேடவும் இல்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக, அயர்லாந்தில் நடந்த சிறு கச்சேரிகளுக்கு ஸ்டேட்டஸ் குவோ குழுவின் ஜெஃப் ரிச்சைத் துணைக்கு அழைத்து, இரண்டு டிரம்மர்களாக வாசித்தார்கள். ஒருநாள் பாலிபனியன் என்ற கடலோர ஊரில் ரிச் வந்துசேரத் தாமதமாகிவிட்டது. ஆலன் தனியாகவே ஆரம்பித்தார். தாளம் குலையவில்லை. அதற்கப்புறம் இரண்டாவது கிட்டுக்குத் தேவை இருக்கவில்லை.

ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தின் காசில் டானிங்டனில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் திருவிழாவில் ஆலன் தனியாக வாசித்தார். பாடகர் ஜோ எலியட் அவரை அறிமுகப்படுத்தியதும் கூட்டம் எழுப்பிய ஆரவாரம் அந்தக் குழுவின் வரலாற்றில் பெரிய தருணம் என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிட பாலிபனியன்தான் முக்கியம். ஒத்திகை அறையில் ஒரு கிட் தேறுவது வேறு, பின்னால் தாங்க ஆளில்லாதபோது தேறுவது வேறு. துணை டிரம்மர் தாமதமானது தற்செயல், ஆனால் அதைவிட நேர்மையான சோதனையை யாரும் திட்டம் போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

1987 ஆகஸ்டில் 'ஹிஸ்டீரியா' வந்தது. உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். அதில் கேட்கும் டிரம்கள் பெரும்பாலும் ஃபேர்லைட்டில் சாம்பிள் வைத்துக் கோத்தவை. என் வாதம் இங்கேதான் நிற்கிறது. விபத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் லாங் அந்த ஆல்பத்தின் டிரம்மைக் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்திருப்பார். முந்தைய ஆல்பமே சாட்சி. ஆக மேடையில் வர வேண்டிய ஒலியும் சாம்பிள், பெடல் தரக்கூடிய ஒலியும் சாம்பிள். பெரிய, ஒரே மாதிரியான, எதிரொலி சூழ்ந்த ஸ்னேர். மெல்லிய அடிகளுக்கு அந்த இசையில் அதிக இடம் கிடையாது. பெடல் எதையெல்லாம் இழந்ததோ அதையெல்லாம் பாட்டே ஏற்கெனவே கைவிட்டிருந்தது.

இதே ஆலன் ஒரு ஜாஸ் மூவர் குழுவில் இருந்திருந்தால்? ஸ்னேர் தோலில் பிரஷ்ஷைத் தேய்க்கும் ஒலி பீசோவுக்கு அடி என்றே தெரியாது. பிரெஸ் ரோல் என்பது எண்ண முடியாத குட்டித் துள்ளல்களின் குவியல், மாஸ்க் டைம் அதைத் துண்டுதுண்டாக்கிவிடும். ஹை-ஹேட்டைப் பாதி திறந்து, கால்வாசி திறந்து என்று காலால் இழைப்பதை ஒரு பெடலில் வைத்த 'மூடும் ஒலி' ஈடுகட்டாது. பெடல்கள் தந்தது அடி என்ற செயலை மட்டும். தோலைத் தொட்டுக்கொண்டே ஒலியை வளைக்கும் சங்கதி ட்ரிகருக்குள் நுழைவதில்லை.

நம் மெல்லிசைக் கச்சேரிகளில் ஆக்டோபேட் வாசிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த அந்த எட்டுக் கட்டப் பலகை சினிமாப் பாட்டின் தாள ஒலிகளை ஒரே ஸ்டாண்டில் அடக்கிவிடுகிறது. ஆனால் பாட்டில் தபலாவின் பாயா (இடது கைப் பெரிய டிரம்) இழுத்து வளையும் இடம் வந்தால், பக்கத்தில் நிஜத் தபலாக்காரர் உட்கார்ந்திருந்தால்தான் நிம்மதி.

மற்றவர்களுக்கு இதில் என்ன

ஆலனைப் போல ட்ரிகரை முழுக்கச் சார்ந்திருப்பவர்கள் அரிது. பெரும்பாலானோர் தோல் டிரம்மின் விளிம்பில் ஒரு ட்ரிகரைக் கவ்வ வைத்து, மைக்கோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். மெட்டல் சண்டைக்கு இப்போது வரலாம். 220 வேகத்தில் இரட்டைக் கிக்கைப் பதினாறாம் பகுப்பில் வாசித்தால் இரண்டு அடிகளுக்கு நடுவே 68 மில்லி செகண்டுதான். மைக் வழியாக வரும் கிக்கின் வால் அதைவிட நீளம். அடிகள் ஒன்றோடொன்று குழைந்து வெறும் உறுமலாகிவிடும். குட்டையான, கூர்மையான சாம்பிளை ட்ரிகர் வழியாக விட்டால் ஒவ்வோர் அடியும் தனியாகக் கேட்கும். காரணம் இவ்வளவுதான்.

இதில் மறைவது ஒன்று உண்டு: பலத்தில் உள்ள ஏற்ற இறக்கம். எல்லா அடியையும் ஒரே பலத்தில் ஒலிக்க வைத்துவிட்டால் களைத்த காலும் புதிய காலும் ஒன்றாகிவிடும். ஆனால் நேரம் மறையாது. அடி தவறிய இடத்தில் சாம்பிளும் தவறியே விழும், அதுவும் முழுச் சத்தத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. ஆகவே ஏமாற்று என்ற பேச்சில் எனக்குப் பாதி உடன்பாடுதான். நேரம் தவறுகிறவரை ட்ரிகர் காப்பாற்றுவதில்லை, காட்டிக்கொடுக்கிறது.

மேடையில் ட்ரிகரின் மிக நல்ல பயன், ஒலியே எழுப்பாத பயன் என்பேன். டாம் மைக்குகளில் சிம்பலும் ஸ்னேரும் வழிந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க, அடி விழும்போது மட்டும் மைக்கைத் திறக்கும் 'கேட்' ஒன்றை சவுண்ட் இன்ஜினியர் போடுவார், அது ஸ்னேருக்கெல்லாம் தவறாகத் திறக்கும். மைக்குக்குப் பதிலாக டாமில் ஒட்டிய ட்ரிகரைக் கேட்டின் திறவுகோலாகக் கொடுத்தால், அந்த டாமை அடித்தால் மட்டுமே கேட் திறக்கும். கேட்பதோ டிரம்மின் சொந்த ஒலி. சாம்பிள் எதுவும் இல்லை, சண்டையும் இல்லை.

பதிவில் ட்ரிகரின் அலையைத் தனி டிராக்கில் பதிந்து வைப்பது பெரிய உதவி. ஒலி கேட்கச் சகிக்காத வெறும் 'டிக்' சத்தம்தான். ஆனால் வழிசல் இல்லாத, நேரம் துல்லியமான அடிவரைபடம் அது. பின்னால் சாம்பிள் சேர்க்க நினைத்தால் ஸ்னேர் மைக்கிலிருந்து அடிகளைத் தேடிக் களைக்க வேண்டாம். சாம்பிளைச் சேர்க்கும்போது மைக்கின் அலையும் சாம்பிளின் அலையும் ஒரே திசையில் எழுகின்றனவா என்று திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எதிர்த் திசையில் எழுந்தால், இரண்டு ஒலி சேர்ந்தும் கிக் மெலிந்துபோகும். ஒன்றின் போலாரிட்டியை (அலை எழும் திசையை) திருப்பி, சாம்பிளின் தொடக்கத்தை ஒரு மயிரிழை நகர்த்தினால் கிக்கின் கனம் திரும்பி வரும். அப்புறம் ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப விடாமல், ஒரே டிரம்மில் அடித்த ஏழெட்டு வெவ்வேறு அடிகளைச் சுழற்சியில் விடுவது நல்லது. இல்லாவிட்டால் ரோல் எல்லாம் இயந்திரத் துப்பாக்கிதான்.

முழுக்க மின்னணுவைச் சார்ந்து மேடையேறுகிறவர்கள் ஆலனின் நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெடல் வரிசையை அல்ல. அது அவருடைய உடலுக்கு வெட்டித் தைத்தது. முதலில் வாசிக்கப்போகும் இசையில் எந்த அடிகள் போனால் பாட்டு நிற்கும், எவை போனாலும் ஓடும் என்று பட்டியல் போட வேண்டும். முதல் வகை அடிகளுக்கு நல்ல பெடல், நல்ல கேபிள், முடிந்தால் இரண்டாவது மாட்யூல், அதுவும் அதே அமைப்புகளை ஏற்றி மின்சாரம் கொடுத்துத் தயாராக. பீசோவின் கம்பி தகட்டோடு சேரும் பற்றவைப்பு தலைமுடி அளவு மெல்லியது, அறுந்தால் ஓர் அடிகூட வராது. அதனால் ஒரு மாற்று பீசோவும் சாலிடரிங் அயர்னும் கிட் பெட்டியிலேயே கிடக்கட்டும்.